நாற்பத்திரண்டு பக்கக் கறுப்பு

பாலங்கள் பராமரிப்புத் துறையில் பாலங்களைத் தவிர மற்ற எல்லாமே நன்றாகப் பராமரிக்கப்பட்டு வந்தன. வாசல் இரும்புக் கதவுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பச்சை வண்ணம் அடித்தார்கள். பூந்தொட்டிகளுக்கு வரிசை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு வைத்திருந்தார்கள். அதிகாரிகளின் கௌரவத்தில் தூசு படியாமல் பார்த்துக்கொள்ளவே மாடியில் ஒரு பிரிவு இயங்கியது. பாலங்கள் பாவம், வெளியே வெயிலிலும் மழையிலும் தம் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தன.

சைக்கிள்கடைக்காரருக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வந்ததில்லை. ஆற்றின் இக்கரையில், ஆறாம் எண் நடைபாலம் தொடங்கும் இடத்துக்குக் கீழே, தகரக் கூரை போட்ட சின்னக் கடை அவருடையது. கடைக்குப் பின்னால் வீடு. இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே உட்கார்ந்து பஞ்சர் ஒட்டி, செயின் மாட்டி, பாலத்தில் போகிறவர் யார், வருகிறவர் யார் என்பதைச் சக்கரச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் அளவுக்குத் தேறியிருந்தார். அவருடைய மனைவிக்கு அக்கரை ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. காலை ஐந்தே முக்காலுக்குப் பாலம் ஏறுவாள். பகல் மூன்று மணிக்குப் பாலம் இறங்குவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தகரக் கூரையில் ஏதோ டங்கென்று விழுந்து உருண்டது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். கட்டைவிரல் பருமனில், ஒரு சாண் நீளத்தில் ஒரு போல்ட். எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மரை முழுவதும் தேய்ந்து, வழுவழுவென்று பென்சில் போல இருந்தது. அண்ணாந்து பார்த்தார். பாலத்தின் குறுக்குச் சட்டத்தில் அது இருந்த ஓட்டை வழியாக ஒரு துண்டு வானம் தெரிந்தது. பக்கத்து ஓட்டைகள் இரண்டிலும் வானம்தான் தெரிந்தது. அவை எப்போது விழுந்தனவோ, ஆற்றுக்குத்தான் தெரியும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். சைக்கிள்கடைக்காரருக்கு மணியோசை கேட்டுவிட்டது.

அன்றைக்கு மூன்று மணிக்கு மனைவி பாலம் இறங்கி வரும் வரைக்கும் அவர் கையில் ஸ்பேனர் நிற்கவில்லை. அவளிடம் போல்ட்டைக் காட்டி, நாளையிலிருந்து சாலை வழியாகப் போ என்றார். சாலை வழி என்றால் பதினான்கு கிலோமீட்டர், இரண்டு பஸ் மாற வேண்டும். மூன்று நாள் தாமதமானால் வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். அவள் போல்ட்டைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

"இந்த ஒத்தைப் போல்ட்டுக்காக நான் தினம் மூணரை மணிக்கு எந்திரிக்கணுமா? பாலம் என்ன நெலமைல இருக்குன்னு மொதல்ல அவங்ககிட்டக் கேட்டுட்டு வாங்க. மோசம்னு சொல்லட்டும், எந்திரிக்கிறேன். அப்படியே இதையும் குடுத்துட்டு வாங்க, அவங்க பொருள்தானே."

நியாயமான பேச்சு. அதுதான் தப்பாகப் போனது; நியாயத்தை எடுத்துக்கொண்டு அந்த ஆபீசுக்குள் போனவர்கள் யாரும் அதே வடிவில் அதை வெளியே கொண்டுவந்ததில்லை.

வரவேற்பு மேசையில் இருந்த எழுத்தர் போல்ட்டைத் தொடவே மறுத்தார். துறை தன் கையால் கழற்றிய போல்ட்டுகளுக்குத்தான் பதிவேடு இருக்கிறதாம். தானாகக் கழன்றவை ஒழுங்கீனமான போல்ட்டுகள். அவற்றைப் பெற்றுக்கொள்ள விதியில்லை. ஆனாலும் வருகையாளர் நோட்டை நகர்த்தி, விதிப்படி தேதியும் நேரமும் எழுதி, வந்த காரணம் என்ற இடத்தில் 'போல்ட்' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். எந்தப் பாலம் என்று கேட்டார். ஆறு என்றதும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆறா? அதான் போன வருஷமே பரிசோதிச்சு நாப்பத்திரண்டு பக்கத்துக்கு அறிக்கை வந்தாச்சே."

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும். சைக்கிள்கடைக்காரர் அந்த அறிக்கையைப் பார்க்க வேண்டும் என்றார். எழுத்தர் சுவரைக் காட்டினார். 'மக்களின் அறியும் உரிமையே எங்கள் உயிர்மூச்சு' என்று அங்கே பெரிதாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டியில், கோரிக்கைப் படிவங்கள் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். ஐந்தாம் முறை போனபோது படிவம் கிடைத்தது.

முப்பது நாள் கழித்துப் பதிலும் வந்தது. கனமான தாளில், மூன்று முத்திரை குத்திய பதில். 'தாங்கள் கோரும் அறிக்கை இருப்பதாகவோ இல்லை என்பதாகவோ கூற இயலாது. அதன் பதினேழாம் பக்கத்தில் உள்ள படங்கள் பொதுமக்களுக்கு அச்சம் ஊட்டக்கூடியவை என்பதால் அதைத் தருவதற்கில்லை' என்று எழுதியிருந்தது. சைக்கிள்கடைக்காரர் நான்கு முறை படித்தார். இல்லாத அறிக்கைக்குப் பதினேழாம் பக்கம் எப்படி வந்தது என்று மனைவியைக் கேட்டார். அவளோ படம் எதைப் பற்றியது என்று கேட்டாள்.

மறுப்பை மறுஆய்வு செய்யச் சொல்லிக் கேட்கலாம் என்று கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. கேட்டார். மறுஆய்வுப் படிவத்தின் ஒன்பதாம் கேள்வி, 'தாங்கள் கோரும் ஆவணத்தில் உள்ள தகவல் என்ன?' என்பது. தெரியாது என்று நேர்மையாக எழுதினார். என்னவென்றே தெரியாத ஒன்றைக் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை என்று படிவம் திரும்பி வந்தது. பாலத்தின் போல்ட்டுகள் கழன்றுகொண்டிருக்கின்றன என்ற தகவல் என்று இரண்டாம் முறை எழுதினார். தகவல் மனுதாரருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதால் அதை மீண்டும் வழங்கத் தேவையில்லை என்று மறுபடியும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை, 'எனக்குப் பாதி தெரியும், மீதி வேண்டும்' என்று எழுதினார். இப்படி எழுதியவர் துறையின் வரலாற்றில் எவரும் இல்லாததால் நிராகரிக்க விதி கிடைக்காமல் விசாரணைக்கு அழைத்தார்கள்.

விசாரணை நாளன்று முதலில் நான்காம் அறையில் மறுப்பு அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு ஐந்தாம் அறையில் மறுஆய்வு அதிகாரியைப் பார்க்க வேண்டும். மறுப்பு அதிகாரி வழுக்கைத் தலையும் கட்டம் போட்ட கோட்டுமாக, மேசை முழுவதும் பரவி உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட்டபடியே, மேலே போய்ப் பிரயோசனமில்லை, ஐந்தாம் அறைக்காரர் என் முடிவை இதுவரைக்கும் மாற்றியதே இல்லை என்று நல்ல மனதோடு எச்சரித்தார். சைக்கிள்கடைக்காரர் ஐந்தாம் அறை வாசல் பெஞ்சில் இருபது நிமிடம் காத்திருந்தார். மணி அடித்தது. உள்ளே போனால், அதே வழுக்கைத் தலை. கோட்டு மட்டும் நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது. மூக்கின் மேல் கண்ணாடி ஏறியிருந்தது.

"உட்காருங்க. உங்களுக்கு மறுத்தவர் யாரு?"

"நீங்கதான் சார்."

"அது நாலாம் அறை. இது அஞ்சாம் அறை. அவர் வேலைல நான் தலையிடுறதில்ல, என் வேலைல அவர் தலையிடுறதில்ல. இதுக்குப் பேர்தான் சுதந்திரமான மறுஆய்வு."

மறுப்புக் கடிதத்தை எடுத்துப் புதிதாகப் பார்ப்பவர் போல முதல் வரியிலிருந்து படித்தார். இரண்டு இடத்தில் தலையாட்டி, நல்ல நடை என்று பாராட்டினார். பதினேழாம் பக்கம் வந்ததும் புருவத்தைச் சுருக்கினார். இதை ஏன் எழுதித் தொலைத்தார் என்று அலுத்துக்கொண்டு, ஒரு நிமிடம் இருங்கள், அவரிடமே கேட்டுவிடுகிறேன் என்று கோட்டை மாட்டிக்கொண்டு நடுக் கதவு வழியாக நான்காம் அறைக்குள் போனார். அங்கே ஒரே குரல் இரண்டு விதமாக வாதாடுவது கேட்டது. நடுவில் மேசையில் ஓங்கித் தட்டும் சத்தமும் வந்தது. திரும்பி வந்து கோட்டைக் கழற்றி, அவர் கொஞ்சம் பிடிவாதக்காரர் என்று வருத்தத்தோடு சொன்னார்.

சைக்கிள்கடைக்காரர் பையிலிருந்து போல்ட்டை எடுத்து மேசையில் வைத்தார். மரை தேய்ந்துபோயிருக்கிறது, பக்கத்தில் இருந்த இரண்டையும் காணோம், என் வீட்டுக்காரி தினமும் இரண்டு முறை அதன்மேல் நடக்கிறாள், போகலாமா கூடாதா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாற்பத்திரண்டு பக்கமும் வேண்டாம் என்றார். அதிகாரி போல்ட்டைப் பார்க்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்து, விரல்களைக் கோத்துக்கொண்டார்.

"ஒரு பாலம் எதனால நிக்குதுன்னு நினைக்கிறீங்க? இரும்பாலயா? இல்ல. ஜனங்க அது மேல வச்சிருக்கிற நம்பிக்கையால நிக்குது. அந்த நாப்பத்திரண்டு பக்கத்தை வெளில விட்டா நம்பிக்கை போயிடும். நம்பிக்கை போயிட்டா அப்புறம் அந்தப் பாலத்துல என்ன மிஞ்சும்? வெறும் துருதான். அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்த நீங்க விண்ணப்பம் குடுக்குறீங்க, நான் அதைப் பரிசீலிச்சுக்கிட்டு இருக்கேன். எங்க பெருந்தன்மையை யோசிச்சுப் பாருங்க."

ஆனால் விசாரணை என்று ஒன்று நடந்தால் மனுதாரருக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று விதி இருந்தது. அதனால் பொதுநலனுக்கு ஊறு செய்யும் பகுதிகளை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம் என்று ஐந்தாம் அறை தீர்ப்பளித்தது. நான்காம் அறை அதை எதிர்க்கவில்லை.

மறைக்கும் வேலை தாழ்வாரக் கடைசியில் நடந்தது. நீள மேசை, மைக்கூடு, இரண்டு விரல் அகலத் தூரிகை. அதன் முன்னே கைவிரல் பத்தும் கறுத்துப்போன ஒரு பெரியவர். 'மறைப்பாளர், இரண்டாம் நிலை' என்று பலகை இருந்தது. முதல் நிலைப் பதவி பல ஆண்டுகளாகக் காலி. அப்படி ஒரு பதவி இருப்பதே இரகசியம் என்பதால் விளம்பரம் கொடுக்க முடியவில்லையாம். சைக்கிள்கடைக்காரருக்கு அவரைத் தெரியும். பின்சக்கரம் கோணிய பச்சை சைக்கிளில் தினமும் பாலத்தில் வந்து போனவர். வருஷமாச்சே, உங்கள் சைக்கிள் நம் பக்கமே வரக் காணோமே என்று விசாரித்தார். டாக்டர் நிறைய நடக்கச் சொல்லிவிட்டார், சாலை வழியாகவே போகிறேன் என்று மறைப்பாளர் தூரிகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பதினான்கு கிலோமீட்டர் நடக்கச் சொல்லும் டாக்டர் யாராக இருக்கும் என்று சைக்கிள்கடைக்காரர் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனார்.

அறிக்கை வீட்டுக்கு வந்தது. நாற்பத்திரண்டு பக்கமும் கறுப்பு. தொட்ட விரல் கறுத்தது; விரல் பட்ட கதவும் கறுத்தது. பக்க எண்களும், முதல் பக்கத்தில் 'ஆறாம் எண் நடைபாலம், நீளம் 112 மீட்டர்' என்ற வரியும், கடைசிப் பக்கத்தில் 'நன்றி' என்ற சொல்லும் மட்டும் தப்பியிருந்தன.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இவங்க தோட்டத்தையே மறைச்சிருக்காங்க," என்றாள் மனைவி. பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கொண்டாங்க இப்படி, ஆபரேஷன் தியேட்டர் ரத்தக் கறையையே எடுக்கிறவள் நான், இந்த மை எந்த மூலைக்கு என்று பதினேழாம் பக்கத்தை உருவி வாளியில் போட்டாள். சலவைப் பிரிவில் கற்ற வித்தையெல்லாம் காட்டினாள். ஒரு மணி நேரத்தில் காகிதம் கரைந்து போனது. மை மட்டும் அப்படியே வாளியில் மிதந்தது. அந்தத் துறை வாங்கிய பொருள்களிலேயே தரமானது அந்த மைதான்.

மறுநாள் காலையும் அவள் பாலம் ஏறினாள். சைக்கிள்கடைக்காரருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. போகாதே என்று சொல்ல அவரிடம் ஆதாரம் இல்லை. போ என்று சொல்ல மனமும் இல்லை. நூற்றுப்பன்னிரண்டு மீட்டரையும் அவள் கடந்து முடிக்கும் வரை கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய தினசரி வேலையாகிவிட்டது. அண்ணாந்து பார்த்தே அவருக்குக் கழுத்து வலி வந்தது.

கடைசிப் படியாகத் தகவல் மறுப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்கு எழுதிப் போட்டார். வாரியத்தில் ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள். மூவரும் ஓய்வுபெற்ற பாலங்கள் துறை அதிகாரிகள். வாழ்நாளெல்லாம் மறுத்துப் பழகியவர்களுக்குத்தானே மறுப்பின் நுணுக்கம் தெரியும். தலைவர் சற்றுப் புதுமை விரும்பி. கோப்பைப் படித்துவிட்டு, இந்த மனுவை நேரடி ஆய்வு செய்தே முடிவெடுப்பது, மக்கள் முன்னிலையில் பாலத்தருகிலேயே விசாரணையை நடத்துவது என்று உத்தரவிட்டார். பாலத்துக்கு இரண்டு கரை இருப்பதால் விசாரணையும் இக்கரையில் பாதி, அக்கரையில் பாதி நடக்க வேண்டும் என்றும் உத்தரவில் இருந்தது.

குறித்த நாளில் சைக்கிள் கடைக்கு எதிரே துணிப் பந்தல் முளைத்தது. மெத்தை வைத்த நாற்காலிகள் ஐந்து, ஒலிபெருக்கி, மூன்று கார். ஊரே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. கட்டக் கோட்டு அதிகாரியும் வந்திருந்தார். அவர் இரண்டு பேர் என்பதால் அவருக்கு மட்டும் இரண்டு நாற்காலி. நாற்காலி தூக்க மறைப்பாளரை அழைத்து வந்திருந்தார்கள். மூன்று மணி. மனைவி பாலம் இறங்கி வந்து கூட்டத்தில் நிற்கவும் தலைவர் பேச எழுந்திருக்கவும் சரியாக இருந்தது.

"பெருமக்களே, இந்தப் பாலத்தின் மீது இந்த வாரியத்துக்கு அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. அறிக்கையை நான் இருமுறை படித்திருக்கிறேன். இரண்டாம் முறை படித்த பிறகு ஒரு வாரம் எனக்கு உறக்கம் இல்லை. அந்த உறக்கமின்மையை உங்களுக்கும் பங்கிட்டுத் தருவதற்கு நான் இரக்கமற்றவனா? மக்கள் நிம்மதியாக நடக்க வேண்டும். அவர்கள் எதன் மேல் நடக்கிறார்கள் என்ற கவலையை அதிகாரிகள் சுமக்க வேண்டும். இதற்குப் பெயர்தான் நிர்வாகம். உங்களுக்காக நாங்கள் எவ்வளவோ அறிந்து வைத்திருக்கிறோம். நீங்கள் ஒன்றும் அறியத் தேவையில்லாதபடி பார்த்துக்கொள்வது எங்கள் தியாகம்."

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். இக்கரை விசாரணை முடிந்தது, மீதி அக்கரையில் என்று அறிவித்துவிட்டு மூவரும் கார் இருந்த பக்கம் திரும்பினார்கள். சைக்கிள்கடைக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. மனைவிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"ஐயா, கார்ல போனா பதினாலு கிலோமீட்டர். பாலத்துல நடந்தா நாலே நிமிஷம். வாங்க, நானே கூட வர்றேன்."

தலைவர் முதல் உறுப்பினரைப் பார்த்தார். அவருக்கு அந்த நிமிடத்திலிருந்து முழங்கால் வலி. இரண்டாம் உறுப்பினருக்கு உயரம் என்றால் தலைசுற்றலாம். பாலம் அவ்வளவு உயரமில்லையே என்று யாரோ சொன்னதற்கு, விழுகிறவனுக்குத்தான் தெரியும் உயரம் என்று பதில் சொல்லிவிட்டு விழித்தார். கட்டக் கோட்டுக்காரர் தன்னிலையை விளக்கினார். நான்காம் அறைக்குப் பாலத்தில் ஏற அதிகாரமில்லை, நான்காம் அறைக்கு முன்னால் ஐந்தாம் அறை ஏறினால் அது மரபு மீறல். தலைவருக்கோ, வாரியத் தலைவர் நடப்பதாக எந்த விதியிலும் இல்லை. ஆனால் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பாலத்தின் மீது நம்பிக்கையை ஏதாவது ஒரு வகையில் காட்டியாக வேண்டும். தலைவர் மறைப்பாளரைக் கூப்பிட்டு, நாங்கள் காரில் வருகிறோம், நீ நாற்காலிகளைப் பாலத்து வழியாக எடுத்துக்கொண்டு போ என்றார்.

மறைப்பாளர் ஒரு மெத்தை நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். பாலத்தின் முதல் பலகையில் கால் வைத்தார். நின்றார். குனிந்து பலகையைப் பார்த்தார். நிமிர்ந்து சைக்கிள்கடைக்காரரைப் பார்த்தார். பிறகு காலை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து, நாற்காலியைத் தலைவர் முன்னால் மெதுவாக இறக்கி வைத்தார். பேசும்போது ஒலிபெருக்கி அவர் வாயருகே இருந்தது.

"ஐயா, நாப்பத்திரண்டு பக்கத்துக்கும் மை பூசினவன் நான். அறிக்கை வந்த அன்னைக்கே ஒவ்வொரு வரியையும் படிச்சு வச்சுக்கிட்டு, பிறகுதான் பூசணும்னு விதி இருக்கு. படிச்சுட்டுத்தான் ஐயா பூசினேன்."

பிறகு அவர் நாற்காலிகள் ஐந்தையும் கார் கூரைமேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். கதவைத் திறந்து, டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மூன்று காரும் தூசி கிளப்பிக்கொண்டு சாலை வழியாக அக்கரைக்குக் கிளம்பின. கூட்டத்தில் அக்கரைக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் பாலத்தைப் பார்த்தார்கள், தூசியைப் பார்த்தார்கள். பிறகு காருக்குப் பின்னால் சாலையிலேயே நடக்கத் தொடங்கினார்கள்.

மறுநாள் அதிகாலை மூன்றரை மணிக்கு அலாரம் அடித்தது. மனைவி துறையை, வாரியத்தை, பஸ் டிரைவரை, கடைசியாகப் புருஷனை என்று வரிசையாகத் திட்டிக்கொண்டே கிளம்பிப் போனாள். அந்தத் திட்டு சைக்கிள்கடைக்காரர் காதுக்கு அன்று இதமாக இருந்தது. பாலத்தில் ஒரு சக்கரச் சத்தம் கூட இல்லை.

துறை சும்மா இருக்கவில்லை. மேல்முறையீடு தள்ளுபடி என்று ஒரு கடிதம் வந்தது. இரகசிய அறிக்கையின் சாரம் பொதுமக்களுக்கு எப்படிக் கசிந்தது என்று விளக்கம் கேட்டு இன்னொன்று வந்தது. மறைப்பாளரைத் தற்காலிகமாக நீக்கினார்கள். படித்த குற்றம் அவர்மேல் இல்லை. படித்ததை ஞாபகத்தில் வைத்திருந்த குற்றம். பதினைந்தாம் நாள் பாலத்தின் வாயிலில் ஒரு பலகை நட்டார்கள். கடந்த இரு வாரங்களில் ஒரு விபத்து கூட நிகழாததால் ஆறாம் எண் நடைபாலம் மிகப் பாதுகாப்பான பாலமாகத் தேர்வு பெறுகிறது என்று அதில் எழுதியிருந்தது. பலகை நட்டவர்கள் பாலத்தில் ஏறாமல் தரையில் நின்றபடியே நட்டுவிட்டுப் போனார்கள்.

பத்தொன்பதாம் நாள், காலை ஐந்து நாற்பத்தேழுக்குப் பாலம் விழுந்தது.

பெரிய ஆரவாரமில்லை. நீளமாக ஒரு முனகல், பிறகு தகரம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு தண்ணீர். நடுப்பகுதி முழுவதும் போய்விட்டது. போகிற போக்கில் கடையின் கூரையில் பாதியையும் இழுத்துக்கொண்டு போனது. ஐந்து நாற்பத்தேழு என்றால் மனைவி சரியாக நடுப்பாலத்தில் இருக்கும் நேரம். அவள் இப்போது இரண்டாவது பஸ்ஸில் இருக்கிறாள் என்று சைக்கிள்கடைக்காரரின் புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. டயர் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரத்தில் போன் அடித்தது.

"நான் ஆஸ்பத்திரி வந்துட்டேன். பாலம் விழுந்துடுச்சாமே. உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே? ஏங்க, பேசுங்க."

அவர் குழந்தை மாதிரி அழுதார். அவள் அந்தப் பக்கம் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலையே துறை அறிக்கை வெளியிட்டது. பாலம் விழும் என்பதற்கு முன்னறிகுறி எதுவும் துறைக்குக் கிடைக்கவில்லை. பாலம் விழுந்துவிட்ட போதிலும் அதன் பரிசோதனை அறிக்கை இரகசியமாகவே நீடிக்கும். விசாரணைக்கு ஒரு நீதிபதியை வெளியிலிருந்து போட்டார்கள். அவர் முதல் வேலையாக வரவேற்பு மேசை வருகையாளர் நோட்டைக் கேட்டு வாங்கிவிட்டார். அதில் தேதி, நேரம், கையெழுத்தோடு 'போல்ட்' என்று இருந்தது. துறையின் கையாலேயே எழுதி, துறையே பத்திரப்படுத்திய ஒரே உண்மை அதுதான்.

நான்காம் நாள் காலை, கட்டம் போட்ட கோட்டு சைக்கிள் கடைக்கு நேரில் வந்தது. பாதிக் கூரைக்கு அடியில், பெடலைக் கழற்றிக்கொண்டிருந்த சைக்கிள்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அதிகாரியின் பேச்சில் அன்றைக்குத் தேன் ஒழுகியது. அன்று ஒரு போல்ட் கொண்டுவந்தீர்களே, அது அரசாங்கச் சொத்து, வெளியே இருப்பது உங்களுக்குத்தான் ஆபத்து, கொடுத்தால் துறையே பத்திரமாக வைத்துக்கொள்ளும் என்றார். சைக்கிள்கடைக்காரர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, விண்ணப்பம் கொடுங்கள் என்றார். அதிகாரிக்கு வேறு வழியில்லை. தன் டயரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நின்றபடியே எழுதிக் கொடுத்தார்.

போல்ட் அப்போது வீட்டுக்குள், துவைத்து மடித்த வெள்ளைத் துணியில் சுற்றி, மனைவியின் டிபன் பைக்குள் இருந்தது. அன்று அவள் விடுப்பு எடுத்திருந்தாள். பகல் பத்தரைக்கு இருவரும் போய் நீதிபதியின் மேசை மேல் எல்லார் கண் முன்னாலும் அதை வைப்பதாக ஏற்பாடு. மறைப்பாளரும் வருவதாகச் சொல்லியிருந்தார். கறுத்த விரல் பத்தையும், ஞாபகத்தில் இருந்த நாற்பத்திரண்டு பக்கத்தையும் கொண்டுவருவார்.

சைக்கிள்கடைக்காரர் விண்ணப்பத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். பிறகு அதன் பின்பக்கத்திலேயே நிதானமாகப் பதில் எழுதி நீட்டினார்.

'தாங்கள் கோரும் போல்ட் இருப்பதாகவோ இல்லை என்பதாகவோ கூற இயலாது. அதன் மரை முழுவதும் தேய்ந்திருப்பது அதிகாரிகளுக்கு அச்சம் ஊட்டக்கூடியது என்பதால் அதைத் தருவதற்கில்லை.'

அதிகாரியின் வழுக்கைத் தலை வியர்த்தது. இது அநியாயம், இதை எதிர்த்து நான் யாரிடம் முறையிடுவது என்று கேட்டார். மறுஆய்வுக்கு வழி இருக்கிறது, ஒரு நிமிடம் இருங்கள் என்றார் சைக்கிள்கடைக்காரர். பெடலைக் கீழே வைத்தார். மண்ணில் ஊன்றி எழுந்து, முக்காலியை எடுத்துக்கொண்டு கடையின் அந்தப் பக்கத்துக்குப் போனார். அங்கே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தோளில் கிடந்த துணியை எடுத்து ஆணியில் மாட்டினார். பிறகு அதிகாரியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல ஏற இறங்கப் பார்த்தார்.

"உட்காருங்க. உங்களுக்கு மறுத்தவர் யாரு?"